மானிட்டரின் மேல்பக்கம்

"தம்பி, மானிட்டர முன்னால பாக்கணும் லா. மேல என்ன பாக்குற?"

பினாங்கு கொம்தார் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கேட்டவர் கடை முதலாளி, சீனத் தவுக்கே. என் பக்கத்தில் நின்ற மாமா, தனக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி கூரையைப் பார்த்தார். நானோ டிவிப் பெட்டி மாதிரி பருத்த மானிட்டரின் தலையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தேன்... ஆட்டுத் தலையைத் தடவுகிற மாதிரி. திரையில் கலர் கலராகக் கார் பந்தயம் ஓடியது. அதை நான் பார்க்கவே இல்லை.

பைத்தியமா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் காரணம் உண்டு. சொல்கிறேன்.

சில வாரங்களாகப் பத்திரிகையில் என்னுடைய இந்த இடம் காலியாக இருந்தது. கவனித்திருப்பீர்கள். என் அண்ணன் சேகர் போய்விட்டான். புக்கிட் தெங்கா பேக்டரியில் ஷிப்ட் முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். மழை. லாரி. அதற்கு மேல் எழுத வரவில்லை. விடுங்கள்.

உங்களுக்கும் அவனைத் தெரியும். நான் வாரா வாரம் இங்கே எழுதுகிற கூத்தில் பாதி அவன் அடித்ததுதான். கேம் பைத்தியம். சம்பளம் வாங்கிய கையோடு சைபர் கஃபேக்கு ஓடுவான். வீட்டுக்கு வந்தால் சோறு அள்ளும்போதுகூட கை ஸ்டீயரிங் திருப்பும். சொந்தமாக ஒரு கேம் கம்ப்யூட்டர்... அதுதான் அவன் கனவு. முழு செட்டாக வாங்க நம்மால் ஆகுமா? அதனால் ஒவ்வொன்றாக. கையில் காசு மிஞ்சும்போது ஒரு பாகம்.

முதலில் எதை வாங்கினான் தெரியுமா? வெறும் பெட்டி! கேசிங். அதுவும் படுக்கை மாடல். ஊரே நிமிர்ந்து நிற்கிற பெட்டி வாங்குகிற காலத்தில், தவுக்கே ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்ததை மலிவாகப் பேசித் தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்னண்ணே இது, கல்லாப் பெட்டி மாதிரி இருக்கு?"

"டேய், இது சிம்மாசனம்டா. இதுக்கு மேலதான் மானிட்டர் உக்காரும். ராஜா மாதிரி."

அப்புறம் பவர் சப்ளை வந்தது. சிடி டிரைவ் வந்தது. ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் வைத்துத் திருகிவிட்டு, மூடியைப் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளுவான். ராஜா வருவதற்குள் அவன் போய்விட்டான்.

அவனை எரித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். போட்டோவை வைக்க மேசைமேல் கொஞ்சம் உயரமாக ஏதாவது வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். கைக்குக் கிடைத்தது அந்தப் பெட்டி. மேசைமேல் வைத்தார், மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தினார், அதன்மேல் அண்ணனின் போட்டோ. முன்னால் விளக்கு, பூ, திருநீறு.

அது என்ன பெட்டி என்று அந்த நேரத்தில் யார் யோசித்தார்கள்? நானும் யோசிக்கவில்லை.

போட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கிற போட்டோ. ஒரு கல்யாணத்தில் எடுத்ததிலிருந்து அவனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. "மாலை போடுற போட்டோல இப்படியா பல்லக் காட்டுறது?" என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வேறு என்ன செய்வது? மிச்சம் இருந்தது ஐ.சி. போட்டோ, அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் அவன் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பான்.

கருமாதி முடிந்தது. ஆட்கள் போனார்கள். பெட்டி அங்கேயே இருந்தது. அம்மா அதைத் தொட யாரையும் விடவில்லை. தினமும் பூ மாற்றுவார். பொழுது சாய்ந்ததும் விளக்கு வைப்பார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். டிவி கிடையாது. பேச்சும் கிடையாது.

இப்படி இருக்கும்போது பேக்டரி அக்கா ஒருவர் வந்தார். அண்ணன் அங்கே கூட்டு, அதாவது சீட்டு, போட்டிருந்தான். அந்த மாதம் அவன் முறையாம். உறையை அம்மா கையில் கொடுத்துவிட்டு அழுதுவிட்டுப் போனார். அம்மா அதைப் பிரிக்கவே இல்லை.

"சின்னவனே... எதுக்கு இதச் சேத்தான் அவன்?"

"கம்ப்யூட்டருக்கும்மா."

"அப்ப அதுக்கே போவட்டும். பாதில நிக்குது பாரு. நீ முடிச்சிடு."

மாமாவுக்கு – அம்மாவின் தம்பி, ரொட்டி வேன் ஓட்டுகிறவர் – இது பிடிக்கவில்லை. "வருசம் திரும்பலக்கா! இப்பப் போயி கேம் விளையாடுற சாமான் வாங்குனா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"யாரு? அன்னிக்கு வந்து சாப்பாட்டுல உப்பு பத்தலன்னு சொன்னாங்களே, அந்த நாலு பேரா?"

பல நாளுக்கு அப்புறம் அம்மா பழையபடி சுருக்கென்று பேசிய வாக்கியம் அது.

தவுக்கேவுக்குப் போன் போட்டேன். என்னென்ன இருக்கிறது, என்னென்ன வேண்டும் என்று சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பெட்டி கொண்டா."

பழைய மாடல் பெட்டிக்குப் பழைய மாடல் மதர்போர்டுதான் உட்காருமாம். பவர் சப்ளை வயரும் அதற்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும். பெட்டியைப் பார்க்காமல் போர்டு கொடுத்தால் திருகு ஓட்டை சேராது, அப்புறம் நீ வந்து அழுவாய் என்றார்.

போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தேன். பெட்டி இல்லாமல் கம்ப்யூட்டர் இல்லை. பெட்டியை எடுத்தால்... அண்ணன் எங்கே நிற்பான்?

வேறு பெட்டி வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் அவன் வாங்கிய முதல் பாகமே அதுதானே! அதை விட்டுவிட்டுக் கட்டினால் அது யாருடைய கம்ப்யூட்டர்?

அம்மாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்க் கை கழுவினார். விளக்கைத் தள்ளி வைத்தார். போட்டோவை இரண்டு கையாலும் தூக்கி, நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போ."

"போட்டோவ மேசைல வைங்கம்மா. வர நேரமாவும்."

"எடம் இல்லாம கீழ எறக்க மாட்டேன். நான் வெச்சிருக்கேன். வெளக்கு வெக்கிற நேரத்துக்குள்ள அவன் எடத்தக் கொண்டாந்துடு."

"தண்ணி கிண்ணி குடிக்கணும்னா?"

"போடா!"

வெள்ளைத் துணியோடு பெட்டியைச் சுற்றித் தூக்கினேன். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா மடியில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான்.

செபராங் ஜெயாவிலிருந்து ரொட்டி வேன், அப்புறம் ஃபெரி. தண்ணீரைக் கடக்கிற வரை மாமா புலம்பிக்கொண்டே வந்தார். ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது... எனக்கு ஒரே ஒரு காலம்தான் மனதில். விளக்கு வைக்கிற காலம்.

கடைக்குள் நுழைந்ததும் தவுக்கேவுக்கு ஒரே சந்தோஷம். சின்ன வயதில் இந்திய மளிகைக் கடையில் மூட்டை தூக்கியவர். அங்கே கற்ற தமிழ்.

"வா வா தம்பி! அய்யோ, மொட்ட! தைப்பூசம் ஆ?"

தைப்பூசம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்த நேரத்தில் பினாங்கில் மொட்டைத் தலையோடு நடந்து பாருங்கள்... பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு வாழ்த்துவார்கள். யாருக்கு மொட்டை, எதற்கு மொட்டை என்று யார் கேட்கிறார்கள்? நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"நல்லது, நல்லது. காவடியா, பால்குடமா?"

"...பால்குடம்."

"சேகர் எங்க? அவனும் மொட்டையா?"

மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது.

"வேலை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கடை முழுக்கச் சிவப்புக் காகிதம் தொங்கியது. சீனப் பெருநாள் வரப்போகிறது. அந்த நேரத்தில் துக்க வீட்டு விஷயத்தைக் கடைக்குள் கொண்டுபோனால் யாருக்குப் பிடிக்கும்? அது ஒன்று. இன்னொன்று... தவுக்கே பேசுகிற வரை அண்ணன் எங்கேயோ வேலையில்தான் இருந்தான்.

தவுக்கே துணியைப் பிரித்தார். திருகுகளைக் கழற்றினார். மூடியைத் தூக்கினார்.

கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே காய்ந்த மல்லிகைப் பூ. துணியையும் தாண்டி ஓட்டை வழியாக இறங்கிய திருநீறு, பவர் சப்ளை மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு ஓரத்தில் விளக்கிலிருந்து சிந்திய எண்ணெய்க் கறை. சிடி டிரைவைச் சுற்றி எறும்பு... படையல் வைத்த சர்க்கரைப் பொங்கலுக்கு வந்தவை, அங்கேயே குடியேறிவிட்டன.

"இது... சாமி பெட்டியா?"

"இல்ல தவுக்கே. அண்ணன்..."

"அண்ணன் பெட்டி, தெரியும். நான்தான வித்தேன்."

"அண்ணன் போட்டோ இது மேல இருந்துச்சு."

தவுக்கே நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார்.

"தைப்பூசம் இல்ல."

"இல்ல."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். மாமா என் காதைக் கடித்தார். "முடிஞ்சிச்சு. பெருநாளு நேரம். எழவு சாமான கடைக்குள்ள கொண்டாந்துட்டோம். இப்ப தூக்கிட்டுப் போன்னு சொல்லப் போறாரு. வா மாப்ள, அவர் சொல்றதுக்குள்ள நாமளே போயிரலாம்."

நான் நகரவில்லை. வெறும் பெட்டியோடு போய் அம்மா முகத்தில் எப்படி முழிப்பது? கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். தவுக்கே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கையில் புது பெயிண்ட் பிரஷ். இன்னொரு கையில் மதர்போர்டு வருகிற வெள்ளி நிறப் பை. உட்கார்ந்தார். பூவையும் திருநீற்றையும் பிரஷால் மெதுவாகக் கூட்டி அந்தப் பைக்குள் தள்ளினார். பையை மடித்து என்னிடம் நீட்டினார்.

"இது குப்பைல போடக் கூடாது. அம்மாகிட்ட குடு." அப்புறம் பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார். "எறும்பு? எறும்பு வேணுமா?"

"வேணாம் தவுக்கே."

"நல்லது. எனக்கும் வேணாம் லா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் வந்தது.

அதற்குப் பிறகு வேலை வேகம் எடுத்தது. பழைய மாடல் போர்டு ஒன்று தேடி எடுத்தார். திருகு ஓட்டை கச்சிதம். பிராசசர். அதன் தலையில் வெள்ளையாக ஒரு பசை தடவினார், மேலே விசிறி வைக்க. மாமா எட்டிப் பார்த்தார்.

"திருநீறு வெக்கிறாரா?"

"சூடு போற மருந்து, மாமா."

"நம்மளும் அதுக்குத்தான் வெக்கிறோம்."

எல்லாம் சரி. மிச்சம் இரண்டு. த்ரீ-டி கார்டு, மானிட்டர். இங்கேதான் சிக்கல்.

மிட் பட்ஜெட் கம்ப்யூட்டர் என்கிறார்களே, அது என்ன? ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். அவ்வளவுதான் அர்த்தம். பணக்காரனுக்கு எல்லாமே உண்டு. இல்லாதவன் கடைக்கே வரமாட்டான். நடுவில் மாட்டிக்கொண்ட நமக்குத்தான் ஒவ்வொரு சாமானிலும் ஒரு பிரிவு.

"சேகர் எப்பவும் கார்டுதான் கேட்பான்," என்றார் தவுக்கே. "பெரிய கார்டு, சின்ன மானிட்டர். கேம் நல்லா ஓடணும், ஸ்கிரீன் சின்னதா இருந்தா பரவால்ல, பக்கத்துல உக்காந்துக்குவேன்னு சொல்வான். பதினஞ்சு இஞ்ச் எடு. நல்ல பீஸ் இருக்கு."

அண்ணன் ஆசைப்பட்டதும் அதுதான். நான் தலையாட்டியிருக்க வேண்டும். ஆட்டப்போகும்போதுதான் மேசைமேல் கிடந்த வெள்ளைத் துணி கண்ணில் பட்டது.

மானிட்டர் பெட்டிமேல் உட்காரும். ராஜா மாதிரி. சரி. ஆனால் அந்த இடத்தில் இப்போது அண்ணன் அல்லவா இருக்கிறான்? ராஜாவைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, அம்மா மடியில் இருக்கிறவனை எங்கே இறக்குவேன்?

அப்போதுதான் மானிட்டரின் தலையைத் தடவ ஆரம்பித்தேன். தவுக்கேவும் நீங்கள் முதலில் படித்ததைக் கேட்டார்.

பதினைந்து இஞ்சின் தலை வழுக்கிக்கொண்டு பின்னால் சரிந்தது. பக்கத்திலேயே பதினேழு இஞ்ச் இருந்தது. நான் துணியை எடுத்து விரித்தேன். ஃபிரேம் நின்ற இடம் அதில் தெரியும். சுற்றிலும் புகையும் சாம்பலும் படிந்து, நடுவில் கட்டம் போட்ட மாதிரி சுத்தமான வெள்ளை. அந்தக் கட்டத்தைப் பதினைந்து இஞ்சின் தலையில் வைத்தேன். பாதி அந்தரத்தில் தொங்கியது. பதினேழின் தலையில் வைத்தேன். முன் விளிம்பை ஒட்டி, தட்டையாக, முழுசாக உட்கார்ந்தது.

தவுக்கே துணியையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய கார்டின் அட்டைப்பெட்டியை எடுத்துத் திரும்ப ஷெல்பில் வைத்தார். சின்னக் கார்டை எடுத்துப் போர்டில் செருகினார்.

"பின்னால ஓட்டை இருக்கு பார், சூடு வரும். துணி அங்க மூடாத. முன்னாலயே வை. வெளக்கு மேல வெக்காத, எண்ணெ உள்ள போச்சுன்னா நான் பொறுப்பு இல்ல."

மாமாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "கார்டு கார்டுன்னு உசுர விட்ட பயடா அவன். இப்ப அவனுக்காகக் கார்டயே விட்டுட்ட. சரி... மானிட்டரு மேல உக்காந்தா அவனுக்கு ஸ்கிரீன் எப்படித் தெரியும்?"

வழி முழுக்க அந்தக் கேள்வியே மண்டையைக் குடைந்தது.

ஃபெரிக்கு நீண்ட கியூ. மழை பிடித்துக்கொண்டது. வேனுக்குள் ரொட்டி வாசனை, பின்னால் தார்ப்பாய் போர்த்திய மானிட்டர். வைப்பர் இடமும் வலமும் ஆட ஆட, எதிர்க்கரையில் ஒவ்வொரு விளக்காக எரிவது தெரிந்தது. மாமா ஹாரனை அழுத்தினார். ஹாரன் அடித்தால் ஃபெரி வருமா?

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் வெளிச்சம். எங்கள் வீடு மட்டும் இருட்டு. கதவைத் திறந்தேன்.

அம்மா அதே நாற்காலியில். அதே மடி.

"ஏம்மா லைட் போடல?"

"கை ரெண்டும் இவன்கிட்ட இருக்கு. எதால போடுறது?"

நான் சுவிட்சைத் தட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் தூக்கி வந்த பெட்டியைத்தான் பார்த்தார். அதை மேசைமேல் அதன் பழைய இடத்தில் வைத்தேன். மாமா மூச்சு வாங்க மானிட்டரைச் சுமந்து வந்து பெட்டிமேல் இறக்கினார். மேசை முனகியது.

அம்மாவின் முகம் மாறியது.

"அவன் எடத்துல இத வெச்சிட்டியே சின்னவனே."

துணியை மடித்து, வெள்ளைக் கட்டம் மேலே தெரிகிற மாதிரி, மானிட்டரின் தலையில் முன் விளிம்பை ஒட்டிப் போட்டேன். தள்ளி நின்றேன்.

அம்மா எழுந்தார். கால் மரத்துப் போயிருந்தது, மாமா தாங்கிக்கொண்டார். போட்டோவைக் கொண்டுபோய்த் துணிமேல் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. ஒரு விரலை எடுத்தார். இன்னொரு விரலை எடுத்தார். கடைசியில் இரண்டு கையையும் எடுத்தார்.

நின்றது.

மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "எல்லாம் சரிக்கா... அங்கேருந்து அவனுக்கு ஸ்கிரீன் தெரியாதே?"

அம்மா அவரைப் பார்த்தார், இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

"ஸ்கிரீன எதுக்குப் பாக்கணும்? அவன் தம்பியப் பாப்பான்."

விளக்கை ஒரு முக்காலிமேல் தனியாக வைத்து ஏற்றினார். அப்புறம்தான் போய்த் தண்ணீர் குடித்தார். அந்த வெள்ளிப் பையை நான் கொடுத்தபோது பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, சாமி அலமாரிக்குள் வைத்தார்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். மானிட்டர் 'டொங்' என்று ஒரு அதிர்வு அதிர்ந்தது. பெரிய மானிட்டர் எல்லாம் அப்படித்தான். மேலே ஃபிரேம் லேசாக நடுங்கியது.

"யம்மா!" என்று அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். "என்னடா பண்ணுன?"

"ஒண்ணுமில்லம்மா. ஆன் பண்ணா அப்படித்தான்."

"கோவம்டா அவனுக்கு. மொதல்ல அவன வெளையாட விடலன்னு."

அண்ணனுடைய சிடிதான். கார் பந்தயம். சின்னக் கார்டுதானே, படம் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடியது. எனக்கு ஓட்டவும் தெரியாது. அவன் ஓட்டுவதை வேடிக்கை பார்த்தவன்தான் நான். முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதிக் கவிழ்ந்து சக்கரம் மேலே சுற்றியது. எனக்கு லாரி ஞாபகம் வந்துவிட்டது. நிறுத்திவிடலாம் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

நேர் எதிரே அண்ணன். வாயெல்லாம் பல்.

"பாரு, உன்னப் பாத்துச் சிரிக்கிறான்," என்றார் பின்னால் நின்ற அம்மா. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று பயந்து திரும்பினேன். அழவில்லை. "இன்னொரு வாட்டி ஓட்டுடா. செவுத்துல ஏத்தாம ஓட்டு."

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிராசசர், மெமரி எல்லாம் தவுக்கே சொல்வார். மானிட்டரை மட்டும் மேல்பக்கமும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

என் கார் இன்னும் சுவரில்தான் ஏறுகிறது... ஆனால் இப்போதெல்லாம் நான் தோற்றால் வீட்டில் இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.